சீவரத்தினத்தின் பெருவிரல்

"எடும், எடும், கெதியா எடும்!" என்று வேலிக்கு அப்பால் நின்று தில்லைநாதன் கத்தினார்.

"எடுக்கிறன் தானே!" என்று கத்தரிப் பாத்திக்குள் நின்று சீவரத்தினம் திருப்பிக் கத்தினார்.

இடக்கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. வலக்கைப் பெருவிரல் கண்ணாடியில் தெரிந்த பச்சை வட்டத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. வட்டம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பெருவிரலை எடுத்துவிட்டு ஆட்காட்டி விரலைப் போட்டார். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் ஐந்து விரலையும் சேர்த்துத் தேய்த்தார். மணி நின்றுவிட்டது.

"வெட்டிப்போட்டீர்," என்று தில்லைநாதன் தீர்ப்புச் சொன்னார்.

"நான் வெட்டேல்லை. பச்சையைத்தான் தள்ளினனான்."

"பச்சையைத் தள்ளேக்கை கை சிவப்பிலை முட்டியிருக்கும். இது மூண்டாவது ஞாயிறு. அவன் அங்கை என்ன நினைப்பான்? அப்பர் வேணுமெண்டு வெட்டுறார் எண்டுதான் நினைப்பான்."

சீவரத்தினம் தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுபத்தேழு வயது. அதில் ஐம்பது வருடம் மட்டுவில் மண்ணில் மண்வெட்டி பிடித்தவர். அந்த விரலில் ரேகை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. அடையாள அட்டைக்கு விரல் பதியப் போனபோதே, அங்கிருந்த உத்தியோகத்தர் மூன்று தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, "வேறை விரல் இருக்கோ ஐயா?" என்று கேட்டவர்.

போன் அவருடையது அல்ல. மனைவி பராசக்தியுடையது. இரண்டு வருடத்துக்கு முன் கொரியாவுக்கு வேலைக்குப் போகும்போது, ஒரே மகன் கோபிசங்கர் தாய்க்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. அங்கே ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை, போனுக்குப் போடுகிற கண்ணாடியை மினுக்குவது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தாய்க்குப் போன் எடுப்பான். பராசக்தி ஒரு தட்டுத் தட்டினால் மகன் வந்து நிற்பான். அரை மணித்தியாலம் தாயும் மகனும் கதைப்பார்கள். சீவரத்தினம் பின்னால் எதையோ தேடுகிற மாதிரி அங்கும் இங்கும் நடப்பார்.

"அப்பாவோடை கதையன்," என்று அவள் போனை நீட்டுவாள்.

"நான் என்னத்தைக் கதைக்கிறது? சுகமா இருக்கிறன் எண்டு சொல்லு."

இரண்டு வருடமும் தகப்பனுக்கும் மகனுக்கும் நடந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான். அவருக்கென்று ஒரு பட்டன் போன் இருந்தது. அதற்கு மகன் ஒருநாளும் எடுத்ததில்லை. தேவையும் இருக்கவில்லை, நடுவில் பராசக்தி இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்து போனாள்.

மகனால் வர முடியவில்லை. பெரிய ஓடர் ஒன்று முடியும்வரை ஒருவருக்கும் லீவு இல்லை என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்களாம். மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். பிறகு கொள்ளி வைக்க வேண்டிய மகனுக்குப் பதிலாகச் சீவரத்தினத்தின் தம்பி மகன் தோளில் குடத்தோடு நின்றான். "மகன் எங்கை?" என்று யாரோ ஒரு கிழவர் விபரம் தெரியாமல் கேட்க, சீவரத்தினத்தின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அவன் அங்கை கண்ணாடி மினுக்கட்டும். இனி இந்தப் படலைக்குள்ளை அவன் கால் வைக்கத் தேவையில்லை."

சொன்னது அந்தக் கிழவருக்குத்தான். ஆனால் பெட்டியின் தலைமாட்டில் மூன்று காலில் ஒரு கமெரா நின்றது. கனடாவிலிருக்கும் தங்கை ஒழுங்குசெய்த லைவ். கமெரா என்றால் படம் பிடிக்கிற சாமான் என்று மட்டும்தான் சீவரத்தினம் நினைத்திருந்தார். அதற்குக் காதும் இருப்பது அடுத்த நாள் தங்கை அழுதுகொண்டு எடுத்தபோதுதான் தெரிந்தது.

"என்னண்ணை அப்பிடிக் கதைச்சுப்போட்டியள்? எங்களுக்கு இஞ்சை வடிவாக் கேட்டது."

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்களாம். அதில் ஒருவன் மகனாக இருக்காமல் வேறு யார்? அன்றைக்கே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குறூப்பிலிருந்து கோபி விலகிவிட்டான் என்றும் தங்கை சொன்னாள். சீவரத்தினத்துக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்த முதல் ஞாயிறு, சரியாகப் பதினொரு மணிக்குப் பராசக்தியின் போன் அடித்தது. ஏனென்று தெரியாமலே அவர் அதற்கு நாளாந்தம் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். கண்ணாடியில் மகனின் பெயர். கோபத்தை விட்டுவிட்டு எனக்கு எடுக்கிறான், என் பிள்ளை எனக்கு எடுக்கிறான் என்று ஓடிப்போய் எடுத்தார்.

எடுத்தார் என்றால், எடுக்கப் பார்த்தார். விரல் விடவில்லை. அடுத்த ஞாயிறும் அதே கதை, இன்றும் அதே கதை.

"உமக்கு நான் ஒண்டு சொல்லட்டோ?" என்று தில்லைநாதன் வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து வந்தார். அவர் இளைப்பாறிய தபாலதிபர். கடிதம், தந்தி, பக்ஸ் எல்லாவற்றையும் கண்டு முடித்தவர் என்பதால் போனைப் பற்றியும் தனக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் அவருக்கு. "முந்தியெல்லாம் பட்டன். அமத்தினா அமத்தினதுதான். இப்ப கண்ணாடியை விட்டிருக்கிறாங்கள். உது ஆளைப் பாத்துத்தான் வேலை செய்யும். கந்தோரிலை பேனை பிடிச்ச கை எண்டா ஒரு மாதிரி, தோட்டக் கை எண்டா வேறை மாதிரி."

"அப்ப தோட்டக்காரன் போன் வைச்சிருக்கப்படாதோ தில்லையண்ணை?"

"வைச்சிருக்கலாம். எடுக்கத்தான் ஏலாது. எல்லாம் சொவ்ட்வெயர். அப்டேட் எண்டு ஒண்டு விடுவாங்கள். வீடு மாதிரித்தான், நாங்கள் நித்திரையா இருக்கேக்கை உள்ளுக்கை வந்து எல்லாச் சாமானையும் இடம் மாத்தி வைச்சிட்டுப் போயிடுவாங்கள்." பிறகு போனை வாங்கி வெயிலில் சரித்துப் பார்த்தார். "ஆருக்குத் தெரியும், உது உம்மடை மகன் மினுக்கின கண்ணாடியாக்கூட இருக்கலாம்."

அது நடக்காத காரியம். போன் வாங்கிய பிறகுதான் மகன் போனான். ஆனாலும் சீவரத்தினம் போனைச் சட்டை நுனியால் துடைத்து, பவுத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார்.

"வாற ஞாயிறு நான் எடுத்துத் தரட்டோ?" என்று தில்லைநாதன் கேட்டார்.

"வேண்டாம். நான் சொன்ன சொல்லு, நான்தான் எடுக்க வேணும். வேறை ஆள் எடுத்தா, அப்பர் இன்னும் தொட விரும்பேல்லை எண்டு நினைப்பான்."

"அப்ப நீர் அவனுக்கு எடுமன்."

"வெளியிலை இருக்கிறவைதானே அண்ணை எடுக்கிறது. இஞ்சையிருந்து ஆர் எடுக்கிறவை?"

அதுவும் உண்மைதான். அந்த ஒழுங்கையில் பதினெட்டு வீடு. பதினெட்டிலும் போன் வெளிநாட்டிலிருந்துதான் வரும், இங்கிருந்து போவதில்லை. மிஞ்சினால் ஒரு மிஸ்ட் கோல் போகும். தில்லைநாதனாலும் இந்த வழக்கத்தை எதிர்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"சரி, விரலை நனைச்சுப்போட்டுத் தள்ளிப்பாரும்," என்றார்.

நாலாவது ஞாயிறு சீவரத்தினம் பத்தே முக்காலுக்கே கிணற்றடிக்குப் போய், குளித்து, துவாயைக் கட்டிக்கொண்டு, ஈரக் கையோடு தயாராக இருந்தார். பதினொரு மணிக்கு அடித்தது. நனைந்த பெருவிரலால் தள்ளினார். வட்டம் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. அதற்குள் மணி நின்றது. நின்ற பிறகும் அவர் விடவில்லை. ஆத்திரத்தில் கண்ணாடி முழுவதையும் நனைத்துத் தேய்த்தார். திடீரென்று போனுக்குள் முகங்கள் வரத் தொடங்கின. ஒன்று, மூன்று, ஏழு. இருபத்தெட்டுப் பேர் உள்ள 'மட்டுவில் உறவுகள்' குறூப்புக்கு வீடியோ அழைப்பு போயிருந்தது.

"ஐயோ, அண்ணையெல்லே!" என்றாள் கனடாத் தங்கை, போர்வைக்குள்ளிருந்து.

"என்ன அத்தான், துவாயோடை நிக்கிறியள்? ஏதும் அவசரமே?" என்றது லண்டன்.

"ஆள் மெலிஞ்சு போனார் என்ன?" என்றது பாரிஸ்.

கனடாவில் அது நடுச்சாமம் கடந்த நேரம். நித்திரையால் எழுப்பப்பட்டவர்கள், விசயம் என்னவென்று அறிந்ததும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். அது மலிவுப் போன், அதுதான் இப்படி என்றார் ஒருவர். போனில் பிழையில்லை, அங்கத்தைய வெக்கை என்றார் இன்னொருவர். விலை கூடின போன் என்றால் விரலே தேவையில்லை, முகத்தைப் பார்த்தாலே திறக்கும் என்றார் மூன்றாமவர்.

"உம்மடை முகத்தைப் பாத்தா இன்னும் இறுக்கிப் பூட்டும்," என்றார் பக்கத்தில் நின்ற தில்லைநாதன், சீவரத்தினத்தைப் பார்த்து.

அந்தக் கூட்டத்தில் ஒருவராவது கோபியைப் பற்றிக் கதைக்கவில்லை. துவாயை மாற்றச் சொன்னார்கள். சீவரத்தினம் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, அழைப்பை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் போனை வாழையடியில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

தண்ணீர் தோற்றதும் தில்லைநாதன் எண்ணெய்க்கு மாறினார். ஆறு நாள் இரவும் பகலும் தேங்காய் எண்ணெய் பூசி விரலை ஊறவைத்தால் தோல் இளகும் என்பது அவர் கணக்கு. சீவரத்தினம் சொன்னதை அப்படியே செய்தார். மண்வெட்டி வழுக்கியது, கப்பிக் கயிறு வழுக்கியது, தேத்தண்ணிக் கோப்பை இரண்டு உடைந்தது. சனிக்கிழமை மாட்டுக்குப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டு நிற்கையில், மடியிலிருந்து எடுத்த போனும் வழுக்கி வாளிக்குள் விழுந்தது.

"அரிசிக்குள்ளை புதையும்!" என்று ஓடி வந்தார் தில்லைநாதன். "அரிசிதான் ஈரத்தை இழுக்கும்."

"எந்த அரிசி? சிவப்போ, வெள்ளையோ?"

இந்தக் கேள்வியைத் தில்லைநாதன் எதிர்பார்க்கவில்லை. "சிவப்பு," என்றார் பிறகு, "அதுக்குத்தான் சத்துக் கூட."

ஐந்தாவது ஞாயிறு, பதினொரு மணிக்கு அரிசி வாளி பாடியது. சீவரத்தினம் இரண்டு கையாலும் அரிசியை அள்ளி எறிந்தார். கோழிகள் வந்து சேர்ந்தன. ஆழத்திலிருந்து போனைத் தோண்டி எடுத்தபோது அது ஓய்ந்து நான்கைந்து நிமிடமாகியிருக்கும். போன் உயிரோடு இருந்ததில் ஒரு சந்தோசம். அன்று பகல் முழுவதும் அவர் குந்தியிருந்து முற்றத்து அரிசியைப் பொறுக்கினார். கோழிகளை விரட்டவும் மனமில்லை.

ஆறாவது ஞாயிறு மூக்கு. மூக்கு மெல்லிய தோல், மண்வெட்டி பிடிக்காத உறுப்பு, கண்ணாடி அதை மதிக்கும் என்று தில்லைநாதன் அடித்துச் சொன்னார். மதித்ததோ என்னவோ, மூக்கு முட்டியதும் மணி நின்றது.

"இந்தமுறை வெட்டினது மூக்கு," என்றார் தில்லைநாதன், குரல் இறங்கி.

சீவரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு ஞாயிறு. ஆறு தரம் பிள்ளை வந்து படலையில் தட்டியிருக்கிறான், ஆறு தரமும் தகப்பன் முகத்தில் அடித்த மாதிரிச் சாத்தியிருக்கிறான். செத்தவீட்டில் சொன்ன சொல்லை ஒவ்வொரு கிழமையும் திரும்பத் திரும்பச் சொல்வதாகத்தானே அவனுக்குப் படும். இன்னும் எத்தனை தரம் வருவான்? ஒருநாள் அவனுக்கும் மனம் விட்டுப்போகும். பராசக்தி இருந்திருந்தால் இரண்டு வார்த்தையில் இதைச் சரிப்படுத்தியிருப்பாள்.

திங்கட்கிழமை காலை பஸ் ஏறிச் சாவகச்சேரிக்குப் போனார்.

சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற சின்னக் கடை. கீர்த்திகா என்ற பெண்பிள்ளை இருந்தாள். கதையை முழுவதும் கேட்டாள். இடையில் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. அரிசி வாளிக்கு மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயா, மேலை ஒட்டின கண்ணாடி வெடிச்சுக் கிடக்கு. அதை மாத்துவம். கையுறை போட்டிருந்தாலும் எடுபடுற மாதிரி உள்ளுக்கை ஒரு இது இருக்கு, அதையும் போட்டு விடுறன்."

"அப்பிடி ஒண்டு இருக்கோ?"

"எல்லாப் போனிலையும் இருக்கு ஐயா. ஒருத்தரும் பாக்கிறேல்லை."

தில்லைநாதன் இதைக் கேட்காமல் போனது நல்லது. கீர்த்திகா வேலையை முடித்துவிட்டு, பழகிப் பார்க்கச் சொல்லித் தன் போனிலிருந்து எடுத்தாள். இரண்டு முழ தூரத்தில் நின்றுகொண்டு எடுத்தாள். சீவரத்தினம் பெருவிரலை வைத்துத் தள்ளினார். வட்டம் கீழ்ப்படிந்து மேலே போனது.

"கோபி, நான் அப்பா," என்றார் போனுக்குள்.

"நான் கீர்த்திகா, ஐயா. சரி, இன்னொருக்கா."

"கோபி, நான் அப்பா. அண்டைக்குச் சொன்னதை மனசிலை வைச்சிருக்காதை."

"ஓம் ஐயா. இன்னொருக்கா."

பத்துத் தரம் எடுத்தாள். பத்துத் தரமும் அவர் தள்ளினார், பத்துத் தரமும் மகனோடு கதைத்தார். ஒவ்வொரு முறையும் பேச்சு ஒரு வசனம் நீண்டது. ஏழாம் தரம் கீர்த்திகா மற்றப் பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்தாள்.

"ஐயா, இவ்வளவும் வடிவாக் கதைக்கிறியள். நீங்களே எடுங்கோவன். நம்பரை நான் அமத்தித் தாறன்."

"இல்லைப் பிள்ளை. அவன் எடுப்பான். ஞாயிறு பதினொரு மணிக்கு எடுப்பான்."

"அப்ப ஒரு வேலை செய்வம். ஆரும் உங்களுக்கு எடுக்கேக்கை அவைக்கு உங்கடை புறொபைல் படம்தான் தெரியும். இதிலை இப்ப அம்மாவின்ரை படம் கிடக்கு. உங்கடை படத்தைப் போட்டு விட்டா, போன் அப்பாட்டைத்தான் இருக்கு, அவர் கோபமில்லை எண்டு பாத்த உடனை விளங்குமெல்லே."

சீவரத்தினம் படத்தைப் பார்த்தார். பராசக்தி கத்தரிச்செடிகளுக்கு நடுவில் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தாள். எடுத்துவிட மனம் வரவில்லை. ஆனால் செத்துப்போனவளின் முகத்தைக் காட்டி மகனை ஏன் நோகடிக்க வேண்டும் என்றும் பட்டது. கதைக்கப் போவது தான்தானே.

"சரி பிள்ளை, மாத்திவிடு."

"சிரியுங்கோ ஐயா."

இரண்டரை மாதமாகச் செய்யாத வேலை. முதல் படத்தில் பல்லுக்கொதியால் முகம் சுளித்தவன் போல் வந்தார். இரண்டாவதில் கண்ணை மூடியிருந்தார். ஆறாவது படம்தான் ஏற்கும்படி இருந்தது. கீர்த்திகா அதைப் போட்டுவிட்டுக் காட்டினாள். தன் முகம் வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருப்பதைச் சீவரத்தினம் பஸ்ஸில் வழிநெடுகப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டார்.

ஏழாவது ஞாயிறு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். பெருவிரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, எதிலும் முட்டாமல் தூக்கிப் பிடித்திருந்தார். தில்லைநாதன் வேலிக்கு அப்பால் மூச்சுக் காட்டாமல் நின்றார்.

பதினொரு மணி. போன் அடித்தது. ஒரு மணிச் சத்தம்கூட முழுதாக இல்லை, பாதி. விரல் கண்ணாடியில் படுமுன் நின்றுவிட்டது.

இருவரும் மதியம் மட்டும் காத்திருந்தார்கள். திரும்ப அடிக்கவில்லை.

எட்டாவது ஞாயிறு அந்தப் பாதி மணியும் இல்லை. பதினொன்று, பதினொன்றே கால், பதினொன்றரை. தில்லைநாதன் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து படியில் இருந்தார்.

"கொரியாவிலை இப்ப நேரத்தை மாத்தினாங்களோ தெரியாது," என்றார். தனக்கே நம்பிக்கை இல்லாத அபிப்பிராயத்தை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இல்லையண்ணை. போன கிழமை என்ரை முகத்தைக் கண்டான், உடனை வெட்டிப்போட்டான். என்ரை முகத்தைப் பாக்க அவனுக்கு விருப்பமில்லை." சீவரத்தினத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து வெள்ளைச் சேட்டில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. "அவள் போயிட்டாள். நான் ஒரு சொல்லாலை பிள்ளையையும் போக்கிப்போட்டன்."

தில்லைநாதனிடம் தண்ணீரும் எண்ணெயும் அரிசியும் தீர்ந்து போயிருந்தன.

"நீர் எடும் ஐசே," என்றார்.

"வெளியிலை இருக்கிறவைதானே..."

"அந்த விசர்க்கதையை விடும். உம்மடை பிள்ளை. எடும்."

சீவரத்தினம் விரலைச் சேட்டில் துடைத்தார். கீர்த்திகா காட்டித் தந்தபடி மகனின் பெயரில் தட்டினார். ஒரே தட்டில் எடுபட்டது. தில்லைநாதன் எழும்பித் தன் வளவுக்குப் போய் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டார், குடும்பக் கதையை ஒட்டுக்கேட்கக் கூடாதென்று. அங்கே நின்றாலும் எல்லாம் கேட்கும்.

நெடுநேரம் மணி போனது. பிறகு ஒரு குரல் தயங்கித் தயங்கி, "ஹலோ?" என்றது.

"கோபி, நான் அப்பா," என்றார் சீவரத்தினம். பத்துத் தரம் பழகியது ஒரே மூச்சில் வந்தது. "அண்டைக்குச் செத்தவீட்டிலை சொன்னதை மனசிலை வைச்சிருக்காதை. கொள்ளி வைக்க நீ இல்லையெண்ட ஆத்திரம், வாய் தவறிப்போச்சு. நீ எடுக்க எடுக்க நான் வெட்டேல்லை அப்பன், என்ரை விரல் தடிச்சுப்போச்சு, கண்ணாடியிலை எடுபடேல்லை. இப்ப திருத்திப்போட்டன், எடுபடுது. இது உன்ரை வீடு. நீ வா."

"ஐயா, நான் கோபி இல்லை. நான் கிறகோரி, அவனோடை ஒரே அறை. மன்னார். அவன் ஓவர்டைமுக்குப் போயிட்டான், போன் கட்டிலிலை கிடக்குது. 'அம்மா' எண்டு பேர் வந்தோடனை நான் பயந்துபோனன்."

மூன்று மாதமாகச் சேர்த்து வைத்த பேச்சு ஒரு மன்னார்ப் பொடியனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. சீவரத்தினத்துக்கு வெட்கமாக இருந்தது.

"பறவாயில்லைத் தம்பி. இதையெல்லாம் அவனுக்குச் சொல்லுவியோ?"

"சொல்லுவன் ஐயா. ஆனா, செத்தவீட்டிலை நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு அவனுக்குத் தெரியாது."

"தெரியாமல் என்ன? லைவிலை முந்நூற்றிப் பன்னிரண்டு பேர் பாத்தவை."

"அவன் பாக்கேல்லை ஐயா. நாங்கள் எல்லாரும் பாரடா பாரடா எண்டு சொன்னனாங்கள். போனைத் தலையணைக்குக் கீழை வைச்சிட்டு வேலைக்குப் போயிட்டான். அஞ்சலி, அனுதாபம் எண்டு ஆக்கள் எழுதுறதையும் பாக்க ஏலாமல் குறூப்பிலை இருந்தும் விலத்திப்போட்டான். உங்களோடை அவனுக்கு ஒரு கோபமும் இல்லை."

"கோபமில்லையோ?"

"இல்லை ஐயா. அப்பா தனிய என்ன சாப்பிடுறாரோ எண்டுதான் அடிக்கடி சொல்லுவான்."

சீவரத்தினம் கதிரையில் சாய்ந்தார். மூன்று மாதமாக நெஞ்சில் ஏறியிருந்த பாரம் எழுந்து போனது போல் இருந்தது. சிரித்தார். கடையில் ஆறு தரம் கேட்டும் வராத சிரிப்பு. வேலிக்கு அப்பாலிருந்து தில்லைநாதன் என்னவென்று கையால் கேட்க, எல்லாம் சரி என்று பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அப்ப ஏன் தம்பி," என்றார் சந்தோசம் பொறுக்காமல், "ஏழு கிழமையா விடாமல் எனக்கு எடுத்த பிள்ளை இண்டைக்கு மட்டும் எடுக்கேல்லை?"

கிறகோரி எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஐயா, அவன் உங்களுக்கு எடுக்கிறேல்லை. மணி போகேக்கை போனிலை அம்மாவின்ரை படம் வரும், இப்ப எடுக்கப்போறா எண்ட மாதிரியே இருக்குமாம், அதைப் பாத்துக்கொண்டிருந்திட்டு ஆரும் எடுக்க முன்னம் தானே வெட்டிப்போடுவான். போன ஞாயிறு அந்தப் படத்தையும் ஆரோ எடுத்துப்போட்டினமாம், அண்டைக்குத்தான் ஐயா அவன் அம்மா செத்ததுக்கு முதல்முதலா அழுதவன்."